ஷேஃபர் பேனா: ஃபோர்ட் மேடிசன் முதல் பெங்களூரு வரை

ஷேஃபர், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு நகைக்கடையின் பின்கட்டில் பிறந்த ஊற்றுப்பேனாக் கம்பெனி. 2022இல் அதன் உரிமை பெங்களூரைச் சேர்ந்த வில்லியம் பென் நிறுவனத்துக்கு வந்தது. நூறு ஆண்டுகளைத் தாண்டிய இந்த வரலாற்றில் ஷேஃபர் பதிவு செய்த காப்புரிமைகள் பல. முக்கியமானவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவற்றில் பெரும்பகுதி எழுதுவதைப் பற்றியதே அல்ல. கையில் கறை படாமல் பேனாவுக்குள் மையை ஏற்றுவது எப்படி என்பதைப் பற்றியது. இது பேனாவை வாங்கி எழுதுகிறவரின் கவலை. அவரிடம் வசவு வாங்கும் கடைக்காரரின் கவலையும் கூட. ஷேஃபரைத் தொடங்கியவர் ஒரு கடைக்காரர்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஊற்றுப்பேனா என்றாலே சொட்டுக்குழாய் வைத்து மை நிரப்பும் பேனாதான். லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை பெற்ற பிறகு, நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டை வழியாக மை சீராக இறங்குவதும் உள்ளே காற்று ஏறுவதும் ஓரளவு ஒழுங்குக்கு வந்தன. நிரப்பும் வேலை மட்டும் பழையபடியே இருந்தது. கழுத்தைத் திருகிக் கழற்றி, கண்ணாடிக் குழாயால் மையை உறிஞ்சி, உடலுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, மறுபடி திருக வேண்டும். மேசைத் துணியும் சட்டைக் கையும் தப்புவது அரிது. தென்னிந்தியாவுக்கு இது அந்நியமான காட்சி அல்ல. எபோனைட் தண்டைக் கடைந்து செய்யும் ராஜமுந்திரிப் பேனாக்களும் சென்னைப் பேனாக்களும் இன்றுவரை பெரும்பாலும் இப்படி நிரப்புபவையே.

இதற்கு மாற்றாக உள்ளே ரப்பர் பை வைத்து, அதை அமுக்கி விட்டு மையை உறிஞ்ச வைக்கும் பேனாக்கள் வரத் தொடங்கின. ஒஹையோவின் காங்க்ளின் கம்பெனி, பேனா உடலிலிருந்து பிறை போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உலோகத் தகடு ஒன்றை வைத்தது. அதை விரலால் அழுத்தினால் பை நசுங்கும். பிறை துருத்திக்கொண்டிருப்பதால் பேனா மேசையிலிருந்து உருண்டு விழாது என்று காங்க்ளின் விளம்பரம் செய்தது. குறையையே குணமாக்கி விற்ற சாமர்த்தியம் அது.

வால்டர் ஷேஃபர் 1867இல் அயோவாவின் புளூம்ஃபீல்டில் பிறந்தவர். தந்தை நகை வணிகர். தந்தையின் கடையில் தொழில் பழகியவர், பிறகு மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஃபோர்ட் மேடிசன் என்ற சிற்றூரில் சொந்தக் கடை நடத்தினார். 1907இல் காங்க்ளின் விளம்பரம் ஒன்று அவர் கண்ணில் பட்டது. பேனா உடலின் வழுவழுப்பைக் கெடுக்காமல் இதே வேலையைச் செய்ய முடியாதா என்று யோசித்தவர், உடலோடு படிந்து கிடக்கும் ஒரு சிறு நெம்புகோலை அமைத்தார். நகத்தால் அதைத் தூக்கினால், உள்ளே இருக்கும் நீளத் தகடு ரப்பர் பையை அமுக்கும். விட்டால் பை விரிந்து மையை இழுத்துக்கொள்ளும். நெம்புகோல் மறுபடி உடலோடு படிந்துவிடும். 1908 ஆகஸ்டில் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. நெம்புகோல் எண்ணம் அவருக்கு முன்பே வேறு சிலருக்கும் தோன்றியிருந்தது. அதைச் சிக்கலில்லாத, மலிவாகச் செய்யக்கூடிய, எளிதில் பழுதாகாத பொருளாக ஆக்கியதுதான் ஷேஃபரின் பங்கு.

காப்புரிமை கிடைத்தும் அவர் உடனே தொழிலில் இறங்கவில்லை. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது; நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையைப் பணயம் வைக்கத் தயக்கம். அமைப்பை மேலும் திருத்தி, 1912இல் கடையின் பின்புற அறையில் ஏழு பேரை வைத்துப் பேனா செய்யத் தொடங்கினார். 1913இல் 35,000 டாலர் முதலீட்டில் கம்பெனி முறைப்படி பதிவானது. ஆரம்பக் கூட்டாளிகள் சிலர் பிரிந்து போய்த் தாங்களும் நெம்புகோல் பேனா செய்தபோது வழக்குகள் வந்தன. அடுத்த சில ஆண்டுகளில் வாட்டர்மேன் உட்படப் பெரிய கம்பெனிகள் தங்களுக்கென ஒரு நெம்புகோலை அமைத்துக்கொண்டன. அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு அமெரிக்கப் பேனாவின் பொது அடையாளமாக அதுவே இருந்தது.

1920இல் வந்த ‘லைஃப்டைம்’ பேனா இயந்திர நுட்பத்தைவிட வணிக நுட்பத்தின் விளைவு. நல்ல பேனாக்கள் மூன்று டாலருக்குள் கிடைத்த காலத்தில் இதன் விலை எட்டே முக்கால் டாலர். தடித்த தங்க நிப்பு. அழுத்தி எழுதினாலும் விரியாது. கார்பன் தாள் வைத்துப் படியெடுத்த அலுவலகக் குமாஸ்தாக்களுக்கு அந்த விறைப்புத்தான் தேவைப்பட்டது. கூடவே, வாங்கியவரின் ஆயுள் முழுக்க உத்தரவாதம். நகைக்கடைக்காரருக்கு ஒரு விஷயம் தெரியும்: மலிவானது என்று சொல்லி விற்ற பொருளை யாரும் பரிசாகக் கொடுக்க மாட்டார்கள். விலை கூடியதால் விற்பனையாளருக்குக் கிடைத்த லாபமும் கூடியது. அமெரிக்க நகரங்களின் கடைக்காரர்கள் ஷேஃபரைக் கண்ணாடிப் பெட்டியின் முன்வரிசையில் வைத்தார்கள். அந்த உத்தரவாதம் பின்னாளில் சட்டச் சிக்கலுக்கும் இடம் கொடுத்தது. ஆயுள் முழுக்க இலவசம் என்று படிக்கும்படி விளம்பரம் செய்துவிட்டு, பழுது பார்க்கும்போது 35 சென்ட் கட்டணம் வாங்கும் வழக்கத்தைப் பற்றி அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 1940களில் பேனாக் கம்பெனிகளைக் கேள்வி கேட்டது.

அதுவரை பேனாக்கள் பெரும்பாலும் கறுப்பு எபோனைட்டில் வந்தன. கந்தகம் சேர்த்து இறுக வைத்த ரப்பர்தான் எபோனைட். கடைவதற்கு இதைவிட நல்ல பொருள் இல்லை. ஆனால் கீழே விழுந்தால் உடையும், வெயில் பட்டால் கறுப்பு மங்கிப் பழுப்பேறும். 1924இல் ஷேஃபர் செல்லுலாய்டுக்கு மாறியது. ‘ராடைட்’ என்று பெயரிட்டு விற்ற அந்தப் பொருளில் முதலில் வந்தது மரகதப் பச்சை. எளிதில் உடையாத, நிறம் கொண்ட பேனா என்பது அன்று புதுமை. அடுத்த சில ஆண்டுகளில் பார்க்கர், வாட்டர்மேன் என ஒவ்வொன்றாகச் செல்லுலாய்டுக்கு வந்து சேர்ந்தன. அதே 1924இல்தான் மூடியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்கும் வழக்கமும் தொடங்கியது. ஆயுள் உத்தரவாதம் உள்ள பேனா என்பதற்கான அடையாளம் அது. உத்தரவாதம் மறைந்த பிறகும் புள்ளி மறையவில்லை.

1929இல் வந்த ‘பேலன்ஸ்’ மாதிரி பேனாவின் உருவத்தையே மாற்றியது. அதற்கு முந்தைய பேனாக்களின் இரண்டு முனைகளும் வெட்டிவிட்ட குச்சி போலத் தட்டையாக இருக்கும். பேலன்ஸ் இரு முனையிலும் குறுகிக் கூம்பியது. மூடியைப் பின்னால் செருகி எழுதும்போது எடை பின்பக்கம் இழுக்காமல் கைக்குள் நிற்கும் என்பது கம்பெனி சொன்ன காரணம். ரயில் எஞ்சின் முதல் குளிர்பதனப் பெட்டிவரை எல்லாம் வளைவு நெளிவாக உருமாறப்போகிற 1930களுக்குச் சற்று முன்பே இது வந்துவிட்டது. இன்று ஊற்றுப்பேனாவைப் படமாக வரையச் சொன்னால் பெரும்பாலோர் வரைவது இந்த வடிவத்தைத்தான்.

பேனாவைக் கெடுப்பது பெரும்பாலும் மைதான் என்பதையும் ஷேஃபர் கவனித்தது. அன்றைய மைகளில் இரும்புச் சத்தும் அமிலமும் கலந்திருக்கும். உலர்ந்தால் படிவாகும், உலோகத்தை அரிக்கும், ரப்பர் பையைக் கெடுக்கும். 1922இல் ‘ஸ்கிரிப்’ என்ற சொந்த மையைக் கம்பெனி கொண்டுவந்தது. தண்ணீராகச் சரளமாக ஓடும், பேனாவுக்குள் கசடு தங்காது. பின்னாளில் வந்த ஸ்கிரிப் புட்டியின் வாய்க்குள் பக்கவாட்டில் ஒரு சிறு கிண்ணம் இருந்தது. மூடியை இறுக்கிப் புட்டியைச் சாய்த்து நிமிர்த்தினால் அந்தக் கிண்ணத்தில் மை நிறைந்து நிற்கும். புட்டியில் அரை விரற்கடை மைதான் மிச்சம் என்றாலும் நிப்பு முழுதாக முங்கும். கடைசிச் சொட்டுவரை வீணாகாத புட்டி. ஷேஃபரின் கண்டுபிடிப்புகளில் மிக எளியதும், குறை சொல்ல இடமில்லாததும் இதுதான்.

1930களில் போட்டி, யார் பேனா அதிக மை கொள்ளும் என்பதில் திரும்பியது. ரப்பர் பை இடத்தை அடைக்கும். பையே இல்லாவிட்டால் உடல் முழுக்க மை. பார்க்கர் ‘வாக்குமேட்டிக்’ கொண்டுவந்ததும், ஷேஃபர் ‘வாக்-ஃபில்’ என்ற முறையில் இறங்கியது. பேனாவின் வாலைத் திருகி ஒரு கம்பியை வெளியே இழுத்து, நிப்பை மையில் முக்கி, கம்பியை ஒரே தள்ளாகத் தள்ளினால், தள்ளும் அடைப்பானுக்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகும். அடைப்பான் குழாயின் அகன்ற முனையை எட்டியதும் பிடி தளர்ந்து, மை ஒரே பாய்ச்சலில் உள்ளே ஏறும். இந்த முறை ஷேஃபருக்குச் சொந்தமல்ல. இங்கிலாந்தின் ஒனோட்டோ பேனா 1905இலேயே இப்படித்தான் நிரம்பியது. ஷேஃபரின் வாக்-ஃபில் பேனாக்களில் அடைப்பான் உள்ளே வைத்து மூடப்பட்டிருந்ததால், சில ஆண்டுகளில் அது இறுகிப் போனபின் மாற்றுவது பெரும்பாடு. பேனா ரிப்பேர் செய்பவர்கள் இந்த மாதிரியைக் கண்டால் இன்றும் முகம் சுளிப்பார்கள்.

1942இல் ‘டிரையம்ஃப்’ நிப்பு வந்தது. வழக்கமான நிப்பு மேலே வளைந்த ஒரு தகடு. டிரையம்ஃப் நிப்போ தகட்டையே கூம்பாகச் சுருட்டி, கழுத்தின் முனை முழுவதையும் சுற்றிக் கவசம் போல மூடியது. உறுதியும் பளபளப்பும் ஒருசேரக் கிடைத்தன. போர்க்காலமாகையால் மூலப்பொருளுக்குத் தட்டுப்பாடு. ஃபோர்ட் மேடிசன் ஆலை ராணுவக் கருவிகள் செய்யும் வேலையிலும் பங்கெடுத்தது. 1946இல் வால்டர் ஷேஃபர் இறந்தபோது கம்பெனி ஏற்கெனவே மகன் கிரெய்க் ஷேஃபரின் பொறுப்பில் இருந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1945 அக்டோபர் 29 அன்று, நியூயார்க்கின் கிம்பல்ஸ் கடையில் ரெனால்ட்ஸ் பால்பாயிண்ட் பேனா பன்னிரண்டரை டாலருக்கு விற்பனைக்கு வந்தது. வாங்குவதற்குக் கூட்டம் அலைமோதியது. அந்தப் பேனா சரியாக எழுதவில்லை, ஒழுகியது. என்றாலும் மைப்புட்டியே வேண்டாத பேனா என்ற ஆசை மக்களிடம் விழுந்துவிட்டது. ஷேஃபரும் ஒரு பால்பாயிண்டைச் செய்து பார்த்தது. ஆனால் அதன் முழு உழைப்பும் போனது, ஊற்றுப்பேனாவைப் பால்பாயிண்டைப் போலத் தொல்லையில்லாததாக ஆக்குவதில்.

1949இன் ‘டச்டவுன்’ அதன் முதல் படி. வாலில் இருக்கும் உலோக உருளையை இழுத்துத் தள்ளினால், உள்ளே அடைபட்ட காற்று இறுகி ரப்பர் பையைச் சுற்றிலும் நெருக்கும். தள்ளலின் முடிவில் ஒரு சிறு வழியாகக் காற்று வெளியேற, பை விரிந்து மையை இழுக்கும். நெம்புகோலுக்காக உடலில் நீளத் துளை போட வேண்டிய அவசியம் ஒழிந்தது.

1952இல் வந்த ‘ஸ்னார்க்கல்’ அடுத்த படி. பேனா வரலாற்றிலேயே அதிகச் சிக்கலான நிரப்பும் முறைகளில் ஒன்று. நிப்பை மையில் முக்குவதால்தானே துணியால் துடைக்க வேண்டியிருக்கிறது? முக்காமலே நிரப்பினால்? பேனாவின் வாலைத் திருகத் திருக, நிப்புக்கு அடியிலிருந்து ஊசி போன்ற ஒரு மெல்லிய குழாய் மெதுவாக வெளியே நீளும். உருளையை முழுதாக வெளியே இழுத்து, குழாயின் நுனியை மட்டும் மையில் வைத்து, உருளையை அமுக்கிவிட்டுச் சில நொடிகள் பொறுத்தால் போதும். பிறகு வாலை எதிர்ப்பக்கம் திருகினால் குழாய் உள்ளே போய்விடும். நிப்பு நனைவதே இல்லை. காகிதத்தின் மேல் வைத்து நிரப்பினாலும் ஒரு பொட்டு விழாது. விருந்துக்கு அணிந்த வெள்ளை உடையோடு பேனாவுக்கு மை போடலாம் என்பது போன்ற விளம்பரங்கள் வந்தன.

இதற்காக உள்ளே வைத்த சுருள்வில், ரப்பர் வளையம், கசிவைத் தடுக்கும் வாஷர், குழாயின் மேல் ஏறி இறங்கும் உலோகக் கூடு ஆகியவற்றை எண்ணிப் பார்த்தால், வேலையைவிடக் கருவி பெரிதாகிவிட்டதோ என்று தோன்றும். அது நியாயமான சந்தேகம்தான். துடைக்க ஒரு துண்டுத் துணியை மிச்சப்படுத்த இத்தனை நுட்பம். ஆனால் ஐம்பதுகளின் பேனா இன்று கையில் கிடைத்தால், ரப்பர் பையையும் இரண்டு மூன்று வளையங்களையும் மாற்றினால் அது மறுபடி நிரம்புகிறது. அவ்வளவு துல்லியமாகச் செய்திருந்தார்கள்.

துல்லியம் வென்றது, சந்தை வெல்லவில்லை. 1950களின் நடுவில் மை அடைத்த பிளாஸ்டிக் கேட்ரிட்ஜ் பரவியது. ஷேஃபரே ‘ஸ்கிரிப்சர்ட்’ என்ற பெயரில் கேட்ரிட்ஜ் பேனாக்களை இறக்கியது. பழையதைக் கழற்றி எறிந்துவிட்டு, புதியதைச் செருகினால் துளை விழுந்து மை இறங்கும். அரை நூற்றாண்டுக் காலக் கேள்விக்கு அதைவிட எளிய பதில் இல்லை. நிரப்பும் நுட்பம் என்ற துறையே அதோடு ஏறக்குறைய முடிந்துபோனது.

ஸ்னார்க்கல் அமைப்பின் கடைசி வீடு 1959இல் வந்த ‘பென் ஃபார் மென்’. பருமனான, ஆண்களுக்கென்றே விளம்பரப்படுத்தப்பட்ட பேனா. சேகரிப்போர் நடுவில் அது பி.எஃப்.எம். என்ற சுருக்கத்தால் அழைக்கப்படுகிறது. அதில் அறிமுகமான பதித்த நிப்பு ஷேஃபரின் முகமாகவே நிலைத்துவிட்டது: தங்கத் தகடு கழுத்தின் மேல்புறத்தில் நீண்ட இலை போல இழைந்து, பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடக்கும். பார்வைக்கு இதைவிட அழகான நிப்பு வந்ததில்லை என்று சொல்லலாம். ஒரே குறை, நிப்பு வளைந்தால் அதை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. கழுத்தோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். 1976இல் வந்த மெலிந்த உலோக உடல் கொண்ட ‘டார்கா’வும், 1995இன் ‘லெகசி’யும் இதே நிப்பைத் தொடர்ந்தன. சீனக் கம்பெனிகள் சில இந்த நிப்பைப் பின்பற்றித் தங்கள் மலிவுப் பேனாக்களைச் செய்தன.

குடும்பத்தின் கை 1966இல் விட்டுப்போனது. ஹெலிகாப்டர் முதல் பலதரப்பட்ட பொருட்களைச் செய்த டெக்ஸ்ட்ரான் குழுமம் ஷேஃபரை வாங்கியது. 1987இல் ஜெஃபினார் என்ற முதலீட்டுக் குழுமத்துக்கும், 1997இல் பிரான்சின் பிக் கம்பெனிக்கும் கைமாறியது. உலகுக்கே மலிவுப் பால்பாயிண்ட் விற்ற பிக், ஊற்றுப்பேனாவின் பழம்பெயர் ஒன்றுக்கு உரிமையாளரானது. 2008இல் ஃபோர்ட் மேடிசன் ஆலை மூடப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு அருகில் ஊரின் பிழைப்பாக இருந்த தொழில் அத்தோடு நின்றது. இப்போது அங்கே ஷேஃபர் பேனாக்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. 2014இல் பிக், ஷேஃபரை 1.5 கோடி டாலருக்கு அமெரிக்காவின் ஏ.டி. கிராஸ் கம்பெனிக்கு விற்றது.

இந்தியாவில் ஷேஃபரின் கதை வேறு வழியில் போனது. சுதேசி இயக்கத்தின் சூட்டில் ராஜமுந்திரியின் ரத்னம், உள்நாட்டிலேயே பேனா செய்து காந்தியின் பாராட்டுக் கடிதத்தை 1935இல் பெற்றார். சென்னை பாரிமுனையின் ஜெம் அண்டு கோ ‘காமா’ என்ற பெயரில் பேனா விற்றது. சுதந்திரத்துக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியபோது, ஷேஃபரும் பார்க்கரும் வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் பரிசாக, அல்லது பர்மா பஜார் போன்ற இடங்களில் தேடி வாங்கும் பொருளாகச் சுருங்கின. ஸ்கிரிப் மைப்புட்டியும் அபூர்வம். அந்த இடைவெளியை உள்நாட்டு மைகள் நிரப்பின. தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளின் விரல்களில் கறையாக நிலைத்த ‘பிரில்’ மை பெங்களூரில்தான் தயாரானது.

1991க்குப் பின் சந்தை திறந்தது. வெளிநாட்டுப் பேனாக்கள் இந்தியக் கடைகளுக்கு நேர்வழியில் வந்தன. ஆனால் அதற்குள் எழுதுகோல் என்ற தேவை பரிசுப்பொருள் என்ற தேவையாக உருமாறியிருந்தது. நிகில் ரஞ்சன் 2002இல் பெங்களூரில் தொடங்கிய வில்லியம் பென் இதைச் சரியாகக் கணித்தது. பேனாவைப் புத்தகக்கடையின் ஒரு மூலையில் வைக்காமல், கைக்கடிகாரம் விற்பது போல வணிக வளாகங்களில் தனிக்கடை போட்டு விற்றது. கம்பெனிகள் ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் தரும் பரிசுகள் அதன் வணிகத்தில் பெரும்பங்கு. தகவல் தொழில்நுட்ப அலுவலகங்கள் நிறைந்த பெங்களூரு அதற்குப் பொருத்தமான ஊர். பல வெளிநாட்டுப் பேனாக்களோடு ஷேஃபரையும் விற்றுவந்த அந்த நிறுவனம், 2022இல் கிராஸிடமிருந்து ஷேஃபரையே வாங்கியது. பேனாவைத் தானே செய்து வளர்ந்த கம்பெனி அல்ல, விற்று வளர்ந்த கம்பெனி.

கைமாறியது பெயரும் வெள்ளைப் புள்ளியும் மாதிரிகளும் உலகெங்கும் விற்கும் உரிமையும். ஃபோர்ட் மேடிசனின் இயந்திரங்களும் அவற்றை இயக்கிய கைகளும் அதற்கு முன்பே கலைந்துவிட்டன. இப்போது பெரும்பாலும் விற்பவை வி.எஃப்.எம்., 100, 300, ஐகான் போன்ற மாதிரிகள். இவற்றில் நிப்பு எஃகு. நிரப்புவது கேட்ரிட்ஜ் அல்லது திருகி உறிஞ்சும் கன்வெர்ட்டர். ஒரே மாதிரியில் ஊற்றுப்பேனாவும் பால்பாயிண்டும் ரோலர்பாலும் கிடைக்கின்றன, பரிசுப்பெட்டிக்கு ஏற்றபடி. ஸ்னார்க்கலோ டச்டவுனோ தேடுபவர் பழைய பேனாச் சந்தைக்குத்தான் போக வேண்டும். அவற்றுக்கான ரப்பர் பைகளையும் வளையங்களையும் இன்று செய்து விற்பவர்கள் ஷேஃபர் கம்பெனி அல்ல, அந்தப் பேனாக்களைச் சேகரித்துப் பழுது பார்க்கும் தனி ஆட்கள்.